சுவரா, அணுவா? – மூன்று படி விதி பிறந்த கதை

1867-இல் பெர்லினில் யூலியுஸ் கோன்ஹைம் என்ற இளம் மருத்துவர் ஒரு தவளையின் அசைவை மருந்தால் முடக்கினார். அதன் வயிற்றைச் சிறிதளவு திறந்து, குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை வெளியே எடுத்து, நுண்ணோக்கியின் அடியில் விரித்து வைத்தார். காற்றுப் பட்டதே அந்தச் சவ்வுக்குப் போதுமான காயம். மணிக்கணக்கில் கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

முதலில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்தன. பிறகு, சிவப்பணுக்கள் நடுவில் விரைந்துகொண்டிருக்க, வெள்ளணுக்கள் ஓரம் ஒதுங்கின. குழாயின் உட்சுவரை ஒட்டி மெல்ல உருண்டன. சில நின்றுவிட்டன. சற்று நேரத்தில் சுவரின் வெளிப்புறத்தில் ஒரு சிறு புடைப்பு தோன்றியது. அது வளர வளர, உள்ளே இருந்த அணு சிறுத்தது. கடைசியில் முழு வெள்ளணுவும் குழாய்க்கு வெளியே வந்து நின்றது. சுவரில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

வெள்ளணுக்கள் குழாயை விட்டு வெளியேறுவதை அவருக்கு முன்பே சிலர் பார்த்திருந்தார்கள். பிரான்சில் துட்ரோஷே 1824-இலும், இங்கிலாந்தில் வாலர் 1846-இலும் எழுதியிருந்தார்கள். ஆனால் அதன் பொருளைச் சொன்னவர் கோன்ஹைம். அவருடைய ஆசான் ருடால்ஃப் ஃபிர்ஷோ அன்றைய மருத்துவ உலகின் பேரரசர். சீழில் உள்ள அணுக்கள் காயம்பட்ட திசுவிலேயே பிறக்கின்றன என்பது ஆசானின் கொள்கை. மாணவர் தவளையின் உடலில் நீலச் சாயத் துகள்களைச் செலுத்தி, அவற்றை விழுங்கிய வெள்ளணுக்களுக்கு அடையாளம் இட்டார். பிறகு தவளையின் கருவிழியைப் புண்ணாக்கினார். புண்ணில் சேர்ந்த அணுக்களுக்குள் நீலத் துகள்கள் இருந்தன. சீழ் இரத்தத்திலிருந்து வருகிறது என்பது அன்று உறுதியானது.

அங்கேயே ஒரு கேள்வியும் பிறந்தது. இரத்தத்தில் அடித்துச் செல்லப்படும் வெள்ளணு, காயம் இருக்கும் இடத்தில் மட்டும் எப்படி நிற்கிறது? கோன்ஹைம் குழாயின் சுவரைக் கைகாட்டினார். காயத்தால் சுவர் மாறுகிறது, அதனால் அணு ஒட்டுகிறது என்றார். 1882-இல் இத்தாலியின் மெஸினா கடற்கரையில் இலியா மெச்னிக்கோவ், நட்சத்திர மீனின் ஒளி ஊடுருவும் இளம் புழுவின் உடலில் ஒரு முள்ளைக் குத்தினார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி அணுக்கள் திரண்டிருந்தன. அந்தப் புழுவுக்கு இரத்தக் குழாயே கிடையாது. எனவே அணுதான் தானாகத் தேடி வருகிறது என்று மெச்னிக்கோவ் வாதிட்டார். அணுக்கள் கிருமியை விழுங்குவதைக் கண்டறிந்ததற்காக 1908-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

சுவரா, அணுவா என்ற இந்த வழக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் தீராமல் கிடந்தது. இருவர் சொன்னதும் உண்மை என்பதையும், இரண்டு உண்மைகளும் எந்த வரிசையில் வேலை செய்கின்றன என்பதையும் காட்டப் பல நாடுகளின் ஆய்வாளர்கள் வேண்டியிருந்தது. நோயால் வருந்திய சில குழந்தைகளும் வேண்டியிருந்தது.

ஆக்ஸ்போர்டில் ஜேம்ஸ் கவன்ஸ் முதல் கதவைத் திறந்தார். லிம்ஃபோசைட் என்ற சிறிய வெள்ளணுக்கள் இரத்தத்திலிருந்து நிணநீர்க் கணுவுக்குள் நுழைகின்றன, அங்கிருந்து நிணநீர் வழியாக மீண்டும் இரத்தத்துக்கே வருகின்றன, இந்தச் சுற்று வாழ்நாள் முழுதும் நடக்கிறது என்று எலிகளில் நிறுவினார். 1964-இல் அவரும் ஜூலி நைட்டும் அந்த நுழைவாயிலையும் காட்டினார்கள். நிணநீர்க் கணுவில் உள்ள ஒரு தனி வகை நுண்சிரை அது. அதன் உட்சுவர் செல்கள் மற்றக் குழாய்களில் உள்ளவைபோல் தட்டையாக இல்லாமல் பருத்து உயர்ந்திருக்கும்.

1976-இல் ஹியூ ஸ்டாம்பரும் ஜூடித் வுட்ரஃபும் செய்த சோதனை மிக எளிமையானது. நிணநீர்க் கணுவை உறையவைத்து மெல்லிய சீவலாக வெட்டினார்கள். சீவலின் மேல் உயிருள்ள லிம்ஃபோசைட்டுகளை ஊற்றி, குளிர்ச்சியில் மெதுவாகச் சுழலவிட்டு, பிறகு கழுவினார்கள். சீவலில் எத்தனையோ வகைத் திசுக்கள் இருந்தும், அணுக்கள் அந்தப் பருத்த சுவர் நுண்சிரைகளின் மேல் மட்டுமே ஒட்டியிருந்தன. குழாய் செத்து உறைந்துபோன பிறகும் அதன் சுவரில் முகவரி அழியவில்லை. அந்த முகவரியை வாசிக்கும் ஏதோ ஒன்று அணுவின் மேலும் இருக்கவேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாயிற்று.

அது என்ன என்று தேட ஒரு புதுக் கருவி தயாராக இருந்தது. 1975-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சேசர் மில்ஸ்டைனும், ஒரே ஒரு இலக்கை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியைக் கண்டிருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் கலட்டின், இர்விங் வைஸ்மன், யூஜின் புச்சர் மூவரும் லிம்ஃபோசைட்டுகளை நிணநீர்க் கணுவின் வாசலில் தடுத்துநிறுத்தும் ஒரு எதிர்ப்பொருளை 1983-இல் அறிவித்தார்கள். அதே ஆண்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் லாயிட் ஸ்டூல்மனும் ஸ்டீவன் ரோசனும், சில சர்க்கரை மூலக்கூறுகளைக் கலந்தால் இந்த ஒட்டுதல் கலைகிறது என்று கண்டார்கள். அணு வாசிப்பது சர்க்கரையால் எழுதிய முகவரி என்பதற்கு அதுவே முதல் தடயம்.

மில்ஸ்டைனின் ஆய்வகத்தில் பயின்ற திமோத்தி ஸ்ப்ரிங்கர் வேறொரு திசையில் போனார். அங்கே அவர் வெள்ளணுவின் மேல் மேக்-1 என்ற புரதத்தைக் கண்டிருந்தார். ஹார்வர்டுக்குத் திரும்பியபின், கொல்லும் அணுக்கள் தம் இரையோடு ஒட்டுவதைத் தடுக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடி, எல்.எஃப்.ஏ.-1 என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்தார். இவை உடலில் உண்மையில் என்ன வேலை செய்கின்றன என்பதை எந்தச் சோதனைக் குழாயும் சொல்லவில்லை. விடை மருத்துவமனைகளில் இருந்தது.

பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ஓரிரு வாரத்தில் காய்ந்து விழுந்துவிடும். விழுவதற்கு அங்கே வெள்ளணுக்கள் வந்து சேரவேண்டும். 1979-இல் லான்செட் இதழில் வெளியான ஒரு கட்டுரை, கொடி விழத் தாமதமாகி, அடுத்தடுத்துத் தொற்றுகளில் சிக்கிய குழந்தைகளை விவரித்தது. மறு ஆண்டு அமெரிக்காவில் அதே வகை நோயுள்ள ஒரு சிறுவனின் வெள்ளணுக்களில் ஒரு புரதம் குறைவதைக் கண்டார்கள். இந்தக் குழந்தைகளின் இரத்தத்தை எடுத்துப் பார்த்த மருத்துவர்கள் திகைத்துப் போனார்கள். சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வெள்ளணுக்கள் இருக்கும். இவர்களுக்கோ தொற்று வந்தால் அது பல மடங்கு உயரும். ஆனால் புண்ணில் ஒரு துளி சீழ் இருக்காது. படைகள் முழுதும் சாலையில் நிற்க, போர்க்களத்தில் ஒருவரும் இல்லை.

1984-இல் ஹூஸ்டனில் டொனால்ட் ஆண்டர்சனும் ஹார்வர்டில் ஸ்ப்ரிங்கரும் சேர்ந்து விடையை வெளியிட்டார்கள். மேக்-1, எல்.எஃப்.ஏ.-1, அவற்றின் உறவான மூன்றாவது புரதம் ஆகிய மூன்றுக்கும் பொதுவான ஓர் உறுப்பு உண்டு. இன்று அதற்கு சி.டி.18 என்று பெயர். அந்தக் குழந்தைகளிடம் அது பழுதாகியிருந்தது. அதனால் மூன்று புரதங்களும் அணுவின் மேற்பரப்புக்கு வரவே இல்லை. போஸ்டனில் அமின் அர்னாவுட்டின் குழுவும் இதே முடிவுக்கு வந்திருந்தது. மெச்னிக்கோவின் பக்கத்துக்கு வலுவான சாட்சி கிடைத்துவிட்டது. சுவர் சரியாக இருந்தாலும், அணுவில் பழுது இருந்தால் அது காயத்தில் நிற்க முடியாது.

எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் ஹைன்ஸ், செல்களைத் தாங்கும் நார்ப் புரதங்களோடு செல்கள் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். 1986-இல் அவர் குழு தாங்கள் கண்ட ஏற்பிக்கு இன்டெக்ரின் என்று பெயரிட்டது. மறு ஆண்டு ஸ்ப்ரிங்கரின் குழு சி.டி.18-இன் மரபணு வரிசையைப் படித்தபோது, அது ஹைன்ஸ் கண்ட புரதத்தின் உறவு என்று தெரிந்தது. கலிஃபோர்னியாவில் எர்க்கி ரூவோஸ்லாதி அந்த ஒட்டுதலுக்குத் தேவையான மூன்று அமினோ அமிலத் தொடரை 1984-இலேயே கண்டிருந்தார். தனித்தனியே உழைத்தவர்கள் ஒரே குடும்பத்தின் வெவ்வேறு கிளைகளைத் தொட்டிருந்தார்கள். இந்த மூவருக்கும் 2022-இல் லாஸ்கர் விருது சேர்ந்து வழங்கப்பட்டது.

கோன்ஹைமின் கட்சியும் சும்மா இருக்கவில்லை. போஸ்டனில் மைக்கேல் பெவிலாக்வாவும் மைக்கேல் ஜிம்ப்ரோனும் மனிதத் தொப்புள்கொடிச் சிரையின் உட்சுவர் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்தார்கள். அவற்றின் மேல் இன்டர்லியூக்கின்-1 என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதத்தை விட்டார்கள். சில மணி நேரத்தில் வெள்ளணுக்கள் அந்தச் செல்களில் அப்பிக்கொண்டன. 1985-இல் வெளியான இந்தச் சோதனையில் சமிக்ஞை பட்டது சுவரில் மட்டுமே. சுவர் மாறுகிறது என்று 118 ஆண்டுகளுக்கு முன் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

1989-இல் மூன்று மரபணுக்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. லிம்ஃபோசைட்டை நிணநீர்க் கணுவின் வாசலில் ஒட்டவைப்பது ஒன்று. அழற்சியுற்ற குழாய்ச் சுவரில் முளைப்பது இரண்டாவது. ஓக்லஹோமாவில் ரோட்ஜர் மெக்எவரும் வேறு ஊர்களில் மற்றவர்களும் தட்டணுக்களில் கண்டது மூன்றாவது. மூன்று வெவ்வேறு துறைகளிலிருந்து வந்தவை. வரிசைகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது, மூன்றின் நுனியிலும் சர்க்கரையைப் பற்றும் ஒரே வகைக் கை இருந்தது. ஸ்டூல்மனும் ரோசனும் ஆறு ஆண்டுகளுக்கு முன் கண்ட தடயம் பலித்தது.

இங்கேதான் இந்தத் துறையின் தலைவர்கள் செய்த ஒரு காரியத்தை நான் மதிப்போடு சொல்ல விரும்புகிறேன். அந்த மூன்று மூலக்கூறுகளுக்கும் ஒவ்வோர் ஆய்வகமும் ஒரு பெயர் வைத்திருந்தது. ஒரே மூலக்கூறுக்கு நாலைந்து பெயர்கள். பெயரை விட்டுக்கொடுப்பது முதல் கண்டுபிடிப்பாளர் என்ற பெருமையையும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதுதான். ஆனாலும் போட்டி ஆய்வகங்களைச் சேர்ந்தவர்கள் 1991-இல் செல் இதழில் ஒரே கடிதத்தில் சேர்ந்து கையெழுத்திட்டு, மூன்றையும் எல்-செலக்டின், ஈ-செலக்டின், பி-செலக்டின் என்றே அழைப்பதாக ஒப்புக்கொண்டார்கள். இதற்கு முன்மாதிரி 1982-இல் பாரிஸில் நடந்த பட்டறை. வெள்ளணுக்களின் மேல் தாங்கள் கண்ட எதிர்ப்பொருள்களைப் பல நாட்டு ஆய்வகங்கள் அங்கே பொதுவில் வைத்தன. எண் மட்டும் இட்ட அந்தக் குப்பிகளைப் பல ஆய்வகங்கள் சோதித்தன. ஒரே இலக்கைப் பற்றியவை ஒரே எண்ணின் கீழ் வந்தன. இன்று மருத்துவமனை ஆய்வுக்கூட அறிக்கைகளில் வரும் சி.டி.4, சி.டி.18 போன்ற எண்கள் அந்தப் பட்டறைகளில் பிறந்தவையே. இந்தப் பொது மொழி இல்லாவிட்டால் வழக்கு தீர்ந்திருக்காது.

தீர்ப்பைத் தந்த சோதனையும் அதே 1991-இல்தான் வந்தது. அதுவரை பெரும்பாலான ஒட்டுதல் சோதனைகள் அசையாத தட்டுகளில் நடந்தன. உடலில் இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. மைக்கேல் லாரன்ஸும் ஸ்ப்ரிங்கரும் இரண்டு தட்டுகளுக்கு இடையே மெல்லிய இடைவெளி விட்டு, இரத்தம் நுண்சிரையில் ஓடும் விசையிலேயே நியூட்ரோபில் என்ற வகை வெள்ளணுக்களை ஓடவிட்டார்கள். அடித்தட்டில் பி-செலக்டினை மட்டும் பூசியபோது அணுக்கள் மெல்ல உருண்டன, நிற்கவில்லை. இன்டெக்ரினின் இணையான ஐகேம்-1 புரதத்தை மட்டும் பூசியபோது ஓடும் அணுக்கள் அதில் ஒட்டாமலே கடந்துவிட்டன. ஓட்டத்தை நிறுத்தினால் ஒட்டின. இரண்டையும் பூசி, அணுவைத் தூண்டும் ஒரு வேதிச் சமிக்ஞையையும் சேர்த்தார்கள். உருண்டுகொண்டிருந்த அணுக்கள் நின்றன, தட்டையாகி விரிந்தன.

கோன்ஹைம் தவளையில் கண்டதன் ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்போது ஒரு மூலக்கூறு இருந்தது. ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்குபவர் அது போகும் திசையில் சில அடி ஓடித்தான் நிற்க முடியும். வெள்ளணுவும் அப்படித்தான். முதல் படியில் காயம்பட்ட சுவர் செலக்டினை நீட்டுகிறது. பி-செலக்டின் சுவர்ச் செல்லுக்குள் முன்கூட்டியே சேமிக்கப்பட்டிருப்பதால் சில நிமிடங்களில் மேலே வருகிறது. ஈ-செலக்டின் புதிதாகத் தயாராக வேண்டும், சில மணி நேரம் பிடிக்கும். இந்தப் பிடிகள் நொடிக்குள் உண்டாகி நொடிக்குள் அவிழ்வதால் அணு உருள்கிறது. இரண்டாம் படியில், சுவரில் வெளிப்படும் சமிக்ஞை மூலக்கூறுகள் உருளும் அணுவைத் தொடுகின்றன. மூன்றாம் படியில், அதுவரை மடங்கிக் கிடந்த இன்டெக்ரின் நிமிர்ந்து சுவரை இறுகப் பற்றுகிறது. அணு நிற்கிறது, பிறகு சுவரைக் கடக்கிறது. புச்சர் அதே ஆண்டில் எழுதிய கட்டுரை இந்தப் படிகளை ஒரு பொது விதியாக வகுத்தது. எந்தச் செலக்டின், எந்தச் சமிக்ஞை, எந்த இன்டெக்ரின் என்ற சேர்க்கை இடத்துக்கு இடம் மாறுவதால், உடல் ஒவ்வொரு வகை அணுவையும் அதற்குரிய இடத்துக்கு அனுப்ப முடிகிறது. 2004-இல் புச்சருக்கும் ஸ்ப்ரிங்கருக்கும் சேர்ந்து கிராஃபோர்ட் பரிசு கிடைத்தது.

விதியைச் சரிபார்த்தவர்களும் குழந்தைகளே. 1992-இல் இஸ்ரேலின் ஹைஃபாவில் அமோஸ் எட்சியோனி, ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு சிறுவர்களை விவரித்தார். இவர்களுக்கும் இரத்தத்தில் வெள்ளணு மிகுதி, புண்ணில் சீழ் இல்லை. ஆனால் சி.டி.18 சரியாக இருந்தது. இருவரின் இரத்த வகையும் 1952-இல் நம் நாட்டின் பம்பாயில் பெண்டேயும் அவருடைய சகாக்களும் கண்டறிந்த அரிய பம்பாய் வகையைச் சேர்ந்தது. அந்த வகையில் ஏ, பி, ஓ வகைகளுக்கு அடித்தளமான எச் சர்க்கரையே இருக்காது. நம் நாட்டில் இந்த வகையினரின் வெள்ளணுக்கள் பொதுவாக நலமாகவே இருக்கும். ஹைஃபாச் சிறுவர்களிடமோ, அந்தச் சர்க்கரைக்கும் செலக்டின் பற்றும் சர்க்கரைக்கும் பொதுவாகத் தேவைப்படும் ஃபியூக்கோஸ் சேர்வதே தடைப்பட்டிருந்தது.

அடுத்த ஆண்டு ஊல்ரிக் ஃபான் ஆண்ட்ரியன் இரு வகை நோயாளிகளின் நியூட்ரோபில்களையும் முயலின் நுண்சிரைகளில் ஓடவிட்டுப் பார்த்தார். சி.டி.18 இல்லாதவை நன்றாக உருண்டன, நிற்கத் தெரியவில்லை. ஹைஃபாச் சிறுவனுடையவை உருளவே திணறின. ஓட்டத்தைத் தணித்தபோது அவையும் ஒட்டின. இரண்டு படிகளையும் இயற்கையே தனித்தனியாக உடைத்துக் காட்டிவிட்டது. 1999-இல் ஜெர்மனியில் இதே குறை கொண்ட ஒரு குழந்தைக்கு ஃபியூக்கோஸ் சர்க்கரையை வாய்வழியே கொடுத்தார்கள், தொற்றுகள் அடங்கின.

அழற்சி நம்மைக் காக்கிறது, சில நோய்களில் நம்மையே எரிக்கிறது. வழி தெரிந்தபின், தேவையில்லாத இடத்தில் வாசலை அடைக்கலாமா என்ற எண்ணம் எழுந்தது. ரோசனின் மாணவரான டெட் யெட்னாக், ஸ்டான்ஃபோர்டின் லாரன்ஸ் ஸ்டைன்மனுடன் சேர்ந்து, ஸ்டாம்பர்-வுட்ரஃப் முறையிலேயே எலிகளின் அழற்சியுற்ற மூளைச் சீவல்களில் வெள்ளணுக்களை ஒட்டவிட்டு, எந்த எதிர்ப்பொருள் அதைத் தடுக்கிறது என்று தேடினார். ஆல்ஃபா-4 இன்டெக்ரினைப் பற்றும் எதிர்ப்பொருள் எலிகளை மூளை அழற்சியிலிருந்து காத்தது. 1992-இல் வெளியான அந்த ஆய்விலிருந்து நட்டாலிசுமாப் பிறந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய்க்கான மருந்தாக 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூன்றே மாதத்தில் விற்பனை நிறுத்தப்பட்டது. மருந்து பெற்ற சிலரின் மூளையை ஜே.சி. வைரஸ் அழித்திருந்தது. காவலர்களை வாசலில் நிறுத்தியதற்கு உடல் கொடுத்த விலை அது. கடும் கண்காணிப்பு விதிகளோடு 2006-இல் மருந்து திரும்பி வந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் மீண்டும் மீண்டும் தாக்குவதை மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும் அதன் பலனும் உண்மை, அதன் ஆபத்தும் உண்மை.

அந்தப் பாடம் அடுத்த மருந்தின் வடிவத்தை மாற்றியது. குடலுக்குச் செல்லும் லிம்ஃபோசைட்டுகளுக்குத் தனி இன்டெக்ரின் உண்டு. குடல் குழாய்ச் சுவரில் அதற்கான தனி முகவரிப் புரதமும் உண்டு. அந்த முகவரிப் புரதத்தைக் கண்டவர்கள் புச்சரின் குழுவினர். அந்த ஓர் இணையை மட்டும் தடுக்கும் வெடோலிசுமாப் 2014-இல் குடல் புண் அழற்சிக்கும் க்ரோன்ஸ் நோய்க்கும் அனுமதி பெற்றது. உடல் முழுதும் கதவடைக்காமல், ஒரு வாசலை மட்டும் மூடுவது. முகவரிகள் இடத்துக்கு இடம் வேறு என்ற அறிவு நேரடியாகத் தந்த பலன் இது.

இவ்வளவையும் கற்றுக்கொடுத்த குழந்தைகளுக்கு நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. சி.டி.18 குறைபாட்டில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வரவேண்டும். அதனால் உறவுக்குள் திருமணம் நடக்கும் குடும்பங்களில் அது கூடுதலாகத் தலைகாட்டும். மாமன் மகள், அக்காள் மகள் திருமணங்கள் வழக்கில் உள்ள தமிழ்நாட்டில் இதை அறிந்திருப்பது நல்லது. மும்பை, சண்டிகர் ஆய்வு மையங்கள் இந்தியக் குழந்தைகளில் இந்நோயைப் பதிவுசெய்திருக்கின்றன. கொடி விழச் சற்றுத் தாமதமாகும் குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாகவே இருப்பார்கள். ஆனால் ஒரு மாதமாகியும் கொடி விழாமல், தொப்புளில் தொற்று வந்து, இரத்தத்தில் வெள்ளணு மிக உயர்ந்து, புண்ணில் சீழ் கட்டாமல் இருந்தால், சி.டி.18 சோதனையை மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். சில மில்லிலிட்டர் இரத்தம் போதும். கடுமையான குறைபாடு உள்ள குழந்தையை எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையால் காப்பாற்ற முடியும். அது எவ்வளவு சீக்கிரம் நடக்கிறதோ அவ்வளவு நல்லது.